எங்கள் பயணத்தின் அமீர்

 

விடுமுறைக் காலம் நெருங்கினால் நம் இல்லங்களில் "எங்கே போகலாம்?" என்ற கேள்வி எழுவது வழக்கம். எங்கே என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். யாருடைய சொற்படி போவது என்பதைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. அதைப் பேசாமல் விட்டதனால் ஒருமுறை நான் பட்டதையும், பேசி முடித்துக் கிளம்பியதனால் இன்னொரு முறை பெற்றதையும் உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன். இதில் என் பெருமை ஏதுமில்லை. என் பிழைதான் பெரும்பகுதி.

நான் திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 33 ஆண்டுகள் புவியியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எரிமலைப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு படம் வரைவேன். பூமிக்கடியில் கனலும் பாறை, அதன்மேல் நீர் இறங்கும் பிளவு, நடுவே குறுகலான குழாய், மேலே பீறிடும் வெந்நீர். அருகில் "யெல்லோஸ்டோன், அமெரிக்கா" என்று எழுதுவேன். "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா சார்?" என்று ஆண்டுதோறும் எவனாவது ஒரு மாணவன் கேட்பான். "இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் அருளால் 2022ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து, மே மாதத்தில் நானும் என் மனைவியும் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் வாழும் எங்கள் மகளிடம் சென்றோம். வீட்டில் மகள், மருமகன், பத்து வயதுப் பேரன், ஆறு வயதுப் பேத்தி ஆகியோர் இருந்தனர். அங்கிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயில் காரில் சுமார் 515 கிலோமீட்டர். செய்தி காதில் விழுந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன்.

என் நோட்டுப் புத்தகம்

பூங்கா என்றதும் நம் நகரங்களின் பூங்காக்களை நினைத்துவிடாதீர்கள். 1872ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் அமெரிக்க அரசு சட்டமியற்றிக் காத்த இந்நிலப்பரப்பு 8,983 சதுர கிலோமீட்டர் கொண்டது. பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தைக் காட்டிலும் சற்றுப் பெரியது. வயோமிங், மொன்டானா, ஐடஹோ என மூன்று மாநிலங்களில் கிடக்கிறது. உலகில் உள்ள பீறிடும் வெந்நீர் ஊற்றுகளில் பாதி இங்கேதான் இருக்கின்றன. ஐந்து வாயில்கள். உள்ளே எட்டு என்ற எண்ணின் வடிவில் ஏறத்தாழ 228 கிலோமீட்டர் நீளச் சாலை.

மூன்று நாளில் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் திட்டம் தீட்டினேன். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் கிளம்புதல், ஒரே நாளில் பூங்காவின் மேற்கு வாயிலை அடைதல், மறுநாள் எட்டு வடிவச் சாலை முழுவதையும் சுற்றுதல், மூன்றாம் நாள் வடக்கே லாமர் பள்ளத்தாக்கில் ஓநாய்களைப் பார்த்தல் என்று மணிக்கணக்கு வரை எழுதி வைத்தேன். ஒவ்வோர் இடத்திற்கும் இருபது நிமிடம். நோட்டுப் புத்தகத்தைப் பெருமையோடு மகளிடம் நீட்டினேன்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். பிறகு, "ஊட்டி எவ்வளவு உயரம் அத்தா?" என்று கேட்டாள்.

"2,240 மீட்டர்" என்றேன். புவியியல் வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா இது!

"ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்று?"

அந்த எண்ணையும் நானே நோட்டில் எழுதியிருந்தேன். அதுவும் 2,240 மீட்டர்தான். அவள் வேறொன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

1996இல் நடந்தது

அவள் எதை நினைவூட்டினாள் என்பதை நீங்கள் அறிய வேண்டும். 1996ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் வாடகைக்கு ஓர் அம்பாசிடர் கார் பேசிக்கொண்டு ஊட்டிக்கும் முதுமலைக்கும் குடும்பத்தோடு சென்றோம். அப்போது மகளுக்கு வயது பதினொன்று. என் மனைவிக்கு இளமையிலிருந்தே இளைப்பு நோய் உண்டு. ஊட்டியின் குளிரில் முதல் நாளிரவே அவருக்கு மூச்சிறைத்தது. "ஒரு நாள் இங்கேயே இருந்து, சரியானதும் போவோமே" என்றார். நான் கேட்கவில்லை. தெப்பக்காட்டில் மாலை நேரத்து வனத்துறை வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பது என் கணக்கு.

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இருபதாவது வளைவில் மகள் நிறுத்தச் சொல்லி அழுதாள். இரண்டு முறையும் நான் சொன்ன மறுமொழி ஒன்றுதான்: "இன்னும் கொஞ்ச நேரந்தான்." மசினகுடியை அடைந்தபோது மனைவியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அங்கிருந்து கூடலூருக்கு ஓடினோம். மூன்று இரவுகள் மருத்துவமனையில். மகள் தாழ்வாரத்து விசுப்பலகையில் உட்கார்ந்தபடியே உறங்கினாள். அல்லாஹ் உயிரைத் திருப்பித் தந்தான். ஊருக்குத் திரும்பியபின் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. பேசவில்லை என்பதால் மறந்துவிட்டார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

மஷ்வரா

மறுநாள் இஷாவுக்குப் பின் எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்தோம். மூவர் பயணம் செய்தாலும் தங்களுள் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி என்பதை நாம் அனைவரும் அறிவோம். "யார் அமீர்?" என்று மருமகன் கேட்டார். வயதில் மூத்தவன், பூமிநூல் படித்தவன் நான்தானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என் மனைவி சொன்னார்: "நம்ம புள்ளையே இருக்கட்டும்."

மருமகன் என் முகத்தைப் பார்த்தார். வாசகர்களே, மாப்பிள்ளையின் முன்னிலையில் மாமனாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். "நான் எதற்காக இல்லை?" என்று கேட்டுவிட்டேன். மகள் தலை குனிந்து, மெல்லிய குரலில், "அத்தா, நீங்கள் இடத்தைப் பார்த்துக்கொண்டே போவீர்கள். ஆளைப் பார்க்க மாட்டீர்கள்" என்றாள்.

இருபத்தாறு ஆண்டுகள் அவள் நெஞ்சில் கிடந்த சொல் அது. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. சற்று நேரம் கழித்து, "சரி, நீயே அமீர்" என்றேன். சொன்னேனே தவிர, மனம் முழுமையாக இணங்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மகளின் திட்டம்

அவள் முதலில் செய்தது தன் தாயை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றதுதான். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், மூச்சுக்கு ஒவ்வொரு முறையும் கிடைக்கும் உயிர்வளி குறையும் என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தை என் சொந்த வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தவள் மகள். சால்ட் லேக் சிட்டி ஏறத்தாழ 1,300 மீட்டர். வழியிலுள்ள ஐடஹோ ஃபால்ஸ் ஊர் 1,430 மீட்டர். பூங்காவின் மேற்கு வாயிலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் 2,030 மீட்டர். எனவே முதல் இரவு ஐடஹோ ஃபால்ஸில், அடுத்த இரவுகள் வெஸ்ட் யெல்லோஸ்டோனில். பகலில் பூங்காவுக்குள் ஏறுவது, இரவில் தாழ்ந்த இடத்தில் வந்து உறங்குவது என்று ஏற்பாடு செய்தாள். நெபுலைசர் கருவியும் மருந்துகளும் பெட்டிக்குள் அல்ல, கைக்கெட்டும் பையில்.

என் பட்டியலில் இருந்த பதினேழு இடங்களில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிட்டாள். லாமர் பள்ளத்தாக்கு போயிற்று. எட்டு வடிவச் சாலையில் மேல் பாதி முழுவதும் போயிற்று. மிஞ்சியவை: ஓல்டு ஃபெய்த்ஃபுல், பல வண்ணங்களில் ஒளிரும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர்க் குளம், ஐசா ஏரி. கடைசியாகச் சொன்ன ஏரியை நான் மன்றாடிப் பெற்றேன்.

உணவுக்கு வழி என்ன? பூங்காவுக்குள் ஹலால் இறைச்சி கிடைக்கும் என்று நம்பிப் போக இயலாது. மனைவியும் மகளுமாகக் கொத்துக்கறி வறுத்து ஐஸ் பெட்டியில் அடைத்தார்கள். புளிச்சோற்றுக்குக் காய்ச்சிய புளியும், ரசப்பொடியும், அரிசியும் எடுத்துக்கொண்டார்கள். "அந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 93 பாகையிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரமாகும்" என்று நான் விளக்கினேன். "அப்படியானால் குக்கரை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது" என்று மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கரடிகள் நடமாடும் காடு என்பதால் உணவுப் பொருள் எதையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது, வண்டிக்குள் பூட்ட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அந்தப் பொறுப்பு பேரனுக்கு.

தொழுகையையும் அவள் திட்டத்தில் சேர்த்தாள். பயணிக்கு நான்கு ரக்அத் இரண்டாகச் சுருங்குவது அல்லாஹ் தந்த சலுகை. மருமகன் ஷாஃபி மத்ஹபினர். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவார். நாங்கள் ஹனஃபிகள். அந்தந்த வேளையில் தொழுவோம். ஆகவே இரு சாராருக்கும் ஏற்றவாறு நிறுத்தங்களைக் குறித்தாள். கிப்லாவைப் பற்றிப் பேரனுக்கு ஐயம். ஊரில் நாம் மேற்கு நோக்கித் தொழுகிறோம். அங்கே வடகிழக்கு நோக்கித் தொழுகிறார்கள். உலக உருண்டையை எடுத்து உட்டாவிலிருந்து மக்கா வரை ஒரு நூலை இறுகப் பிடித்துக் காட்டினேன். நூல் வடக்கே ஏறி, கிரீன்லாந்தின் மீது சென்று, ஐரோப்பாவின் வழியாக மக்காவில் இறங்கியது. "உருண்டையின் மேல் இதுவே குறுக்கு வழி" என்றேன். எனக்கும் ஒரு வேலை கிடைத்ததில் மனம் சற்று ஆறியது.

குழந்தைகளுக்கு மூன்று விதிகளை மனப்பாடம் செய்வித்தாள். வெந்நீர்ப் பகுதிகளில் மரநடைபாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது. தரை கெட்டியாகத் தோன்றும், ஆனால் மெல்லிய ஓடுதான், அடியில் கொதிநீர் இருக்கும். அப்பூங்காவின் வெந்நீரில் வெந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். இரண்டாவது, பைசன் எனும் காட்டெருமையிடமிருந்து 23 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் விலகியே நிற்க வேண்டும். மூன்றாவது, பெரும்பாலான இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது, எனவே யாரும் தனித்துச் செல்லக் கூடாது.

வெள்ளம்

ஜூன் 16ஆம் நாள் கிளம்புவதாக இருந்தோம். ஜூன் 13ஆம் நாள் பூங்காவில் பெருவெள்ளம். உருகிய பனியோடு பெருமழையும் சேர்ந்து யெல்லோஸ்டோன் ஆறு கரை கடந்தது. வடக்கு வாயில் சாலை அடித்துச் செல்லப்பட்டது. ஐந்து வாயில்களும் மூடப்பட்டு, 10,000க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் வெளியேற்றப்பட்டனர். கட்டியிருந்த பெட்டிகளைப் பிரித்தோம்.

ஜூன் 22ஆம் நாள் தென்பகுதியைத் திறந்தார்கள். கூட்டத்தைக் குறைக்க, வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையானால் ஒற்றைப்படைத் தேதியிலும், இரட்டையானால் இரட்டைப்படைத் தேதியிலும் அனுமதி என்று முறை வைத்தார்கள். நான் உடனே பஞ்சாங்கம் கணிப்பவனைப்போல் தேதிகளை எண்ணி, "நாளை மறுநாள் போகலாம்" என்றேன். அமீர் சம்மதிக்கவில்லை. "செப்டம்பரில் போவோம். கூட்டமும் குறையும், அம்மாவுக்கும் இந்த ஊர்க் காற்று பழகியிருக்கும்" என்றாள். எங்கள் திரும்பும் பயணச்சீட்டு அக்டோபரில். இடையில் ஏதேனும் நேர்ந்தால் என் வாழ்நாள் ஆசை போயிற்று. மூன்று நாட்கள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் வயதுக்கு அது அழகல்ல என்று பின்னர் வெட்கப்பட்டேன்.

அந்த ஊற்றின் முன்

செப்டம்பர் இறுதியில், பிள்ளைகளுக்குப் பள்ளியில் விடுப்புப் பெற்றுக்கொண்டு, பயணத் துஆ ஓதிக் கிளம்பினோம். வாயிலில் ஒரு வண்டிக்கு 35 டாலர் கட்டணம் வாங்கினார்கள். ஏழு நாட்களுக்கு அது செல்லும்.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்றின் முன் அரைவட்டமாகப் பலகைகள் போட்டிருக்கிறார்கள். அடுத்து எப்போது பீறிடும் என்பதை, பத்து நிமிடம் முன்பின்னாக, எழுதி வைக்கிறார்கள். "65 நிமிடத்திற்கு ஒருமுறை" என்று நான் பாடம் சொல்லிவந்தேன். அது பழைய கணக்காம். நிலநடுக்கங்களால் பூமிக்கடியில் நீர்வழிகள் மாறி, இடைவெளி நீண்டு, இப்போது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. என் மாணவர்கள் என்னை மன்னிப்பார்களாக.

முதலில் ஆவி. பிறகு சிறு சிறு தெறிப்புகள். பிறகு திடீரென்று ஓர் இரைச்சலோடு வெண்ணிறத் தூண்போல நீர் எழுந்து, ஒரு பெரிய பள்ளிவாசல் மினாராவின் உயரத்திற்கு நின்றது. "சுப்ஹானல்லாஹ்" என்றார் என் மனைவி. "நன்னா, நீங்க போர்டுல வரைஞ்சது இதுதானா?" என்று பேரன் கேட்டான். "ஆமாம்" என்று சொல்ல எனக்குக் குரல் எழவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

அங்கிருந்து கால் மணி நேரப் பயணத்தில் ஐசா ஏரி. கிரேக் கணவாயில், 2,518 மீட்டர் உயரத்தில், நீர் பிரி மேட்டின் மீதே அமர்ந்திருக்கும் சிறு குளம் அது. அதன் இரு முனைகளிலிருந்தும் நீர் வழிகிறது. கிழக்கு முனையில் வழிவது சுற்றி வளைந்து மேற்கிலுள்ள பசிபிக் பெருங்கடலை அடைகிறது. மேற்கு முனையில் வழிவது மிசௌரி, மிசிசிப்பி ஆறுகளின் வழியே மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. புவியியல் படித்தவனுக்கு இதைவிட வேறு விருந்து உண்டா?

லுஹர் தொழுதுவிட்டு வண்டியில் ஏறினோம். மனைவி வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார். கந்தக நெடி காற்றில் கலந்திருந்தது. அவர் கை நெஞ்சின் மேல் இருந்ததைக் கண்டேன். கண்டும், என் வாயிலிருந்து வந்த சொல் என்ன தெரியுமா? "இன்னும் கொஞ்ச நேரந்தான்."

வண்டிக்குள் அமைதி. மகள் என்னைப் பார்க்கவில்லை. தாயின் பக்கம் திரும்பி, "அம்மா, ஒன்றிலிருந்து இருபது வரை ஒரே மூச்சில் எண்ணுங்கள்" என்றாள். பதினொன்றில் மூச்சு நின்றுவிட்டது.

"திரும்புகிறோம்" என்றாள்.

பேத்தி அழுதாள். மருமகன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். மாமா ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற அச்சம் அவர் கண்ணில் தெரிந்தது. நான் சொன்னேன்: "அமீர் சொல்லிவிட்டார். வண்டியைத் திருப்புங்கள் மாப்பிள்ளை." அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு 26 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

அறைக்கு வந்து நெபுலைசர் வைத்து, இரண்டு மணி நேரத்தில் மனைவி தெளிந்தார். அல்ஹம்துலில்லாஹ். மாலையில் மற்றவர்கள் மாடிசன் ஆற்றங்கரையில் எல்க் எனும் பெரிய மான்கள் கூவுவதைக் கேட்கச் சென்றார்கள். நான் போகவில்லை. குக்கரில் கஞ்சி வைத்து அவருக்குக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "அன்றைக்கு ஊட்டியில் ஒரு நாள் இருந்திருந்தால், முதுமலையில் நானும் யானையைப் பார்த்திருப்பேன்." குற்றம் சாட்டும் குரலில் அல்ல, ஏதோ நினைவு வந்தவரைப்போல் சொன்னார். அப்போதுதான் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மருத்துவமனையில் கேட்டிருக்க வேண்டியது. "அதையெல்லாம் எப்போதோ மாஃப் பண்ணிவிட்டேன். நீங்கள் கேட்க மாட்டீர்களே என்பதுதான் கவலையாக இருந்தது" என்றார்.

ஐசா ஏரியை நான் பார்க்கவில்லை. மறுநாள் மனைவிக்கு இயன்ற அளவில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் குளத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை.

உங்களுக்கு

அன்பர்களே! நீங்கள் அமெரிக்காவுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. முதுமலையோ, தேக்கடியோ, இலங்கையின் வில்பத்துவோ, மலேசியாவின் தாமான் நெகாராவோ, எந்தக் காட்டுக்குச் சென்றாலும் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். கிளம்பும் முன் வீட்டார் அனைவரும் கூடி மஷ்வரா செய்யுங்கள். சிறுவர்களையும் பேச விடுங்கள். குடும்பத்தில் யார் மிகவும் பலவீனமானவரோ, அவருடைய கால் அளவுக்குத் திட்டத்தை வெட்டுங்கள். மலை ஏறுவதாக இருந்தால் உயரத்தைக் கேட்டறிந்து, இடையில் ஓர் இரவு தங்குங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். பார்க்க எண்ணிய இடங்களில் பாதியை அடித்துவிடுங்கள். காடு அங்கேயே இருக்கும்.

ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுங்கள். அவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. அமீர் "திரும்புவோம்" என்று சொன்னால், "இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நம் பயணங்களையெல்லாம் அல்லாஹ் இலகுவாக்கி, சென்ற அனைவரையும் நலத்தோடு வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.